காப்பிக் காலமும் பள்ளிக் காலமும்

பெரிய பள்ளிகளின் வரலாற்றை எழுதப் பலர் முன்வருவர். வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர், நூற்றாண்டு மலர் என அவ்வரலாறு அச்சேறும். நிறுவியவரின் படமும் ஆயரின் ஆசியுரையும் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் நினைவுகளும் அவற்றில் இடம்பெறும். இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் மட்டுமே உள்ள மலைக்கிராமத் தொடக்கப் பள்ளிக்கு எவர் மலர் வெளியிடுவர்? அதனிடம் இருப்பவை சில பதிவேடுகளே. யார் எப்போது சேர்ந்தார், அவருடைய பெற்றோர் என்ன தொழில் செய்தனர் என்பதைச் சேர்க்கைப் பதிவேடு சொல்லும். யார் எந்நாளில் வந்தார், எந்நாளில் வரவில்லை என்பதை வருகைப் பதிவேடு சொல்லும்.

சிறிய பள்ளியின் மாதச் செய்திகளும் சிறியனவே. புதிதாக மூவர் சேர்ந்தனர். மழையால் இரண்டு நாள் விடுமுறை விடப்பட்டது. சத்துணவுக் கூடத்தின் கூரை பழுதுபார்க்கப்பட்டது. ஆசிரியை ஒருவர் மாறுதலாகிச் சென்றார். பழம் பறிக்கும் பருவம் தொடங்கியதால் வருகை குறைந்தது. இவற்றையெல்லாம் செய்தி என்று எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் ஏற்காட்டையும் அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலையையும் பொறுத்தவரை, இச்சிறு செய்திகளுக்குள் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அம்மலையில் நெடுங்காலமாக இரண்டு நாள்காட்டிகள் புழங்கி வந்துள்ளன. ஒன்று காப்பியின் நாள்காட்டி. மற்றொன்று பள்ளியின் நாள்காட்டி. அவை மோதிக்கொண்ட மாதங்களில் எது வென்றது என்பதே அம்மலைப் பிள்ளைகளின் கல்வி வரலாறு ஆகும்.

மலையும் மக்களும்

சேலம் நகரை விட்டு வடக்கே ஏறும் மலைப்பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைகிறது. ஏரியும் காடும் சேர்ந்தே அப்பெயர் உண்டாயிற்று என்பர். சுற்றுலாப் பயணி ஏரியையும் கிளியூர் அருவியையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார். நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், தலைச்சோலை முதலிய ஊர்களும் அவற்றைச் சார்ந்த சிற்றூர்களும் அவர் கண்ணில் படுவதில்லை. இம்மலையின் பழங்குடி மக்கள் அவ்வூர்களிலேதான் வாழ்கின்றனர்.

இவர்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். இவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவும், உடன்பிறந்தோர் மூவர் ஆளுக்கொரு மலையைத் தேர்ந்துகொண்டதாகவும் இவர்களிடையே வாய்மொழிக் கதை வழங்குகிறது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, சவ்வாதுமலை ஆகியவற்றிலும் இம்மக்கள் வாழ்கின்றனர். தமிழ்நாட்டின் பழங்குடியினரில் எண்ணிக்கையால் பெரிய பிரிவினர் இவர்களே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,50,000-க்கும் மேற்பட்டோர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த இவர்களுக்குக் காட்டின் பருவமே நாள்காட்டியாக இருந்தது. வைகாசியில் மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனுக்கு நடைபெறும் விழா அந்த ஆண்டுச் சுழற்சியின் சிகரம். பள்ளிக்கூடம் இதற்குள் எங்கும் இல்லை. காப்பியும் இல்லை.

ஒரே அதிகாரியின் இரு பணிகள்

இவ்விரண்டின் தொடக்கமும் ஒரே மனிதரின் பெயரோடு பிணைந்திருப்பது வியப்புக்குரியது. 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்ற அதிகாரியைப் பலரும் 'ஏற்காட்டின் தந்தை' என்று குறிப்பிடுவர். இம்மலையில் காப்பிச் செடியையும் பல்வகைப் பழமரங்களையும் பயிரிடச் செய்தவர் அவர். மலைக்குக் காப்பி வந்தது 1820-களில்.

அதே ஆண்டுகளில் அவரிடம் இன்னொரு வேலையும் ஒப்படைக்கப்பட்டது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு சூன் 25-ஆம் நாள் ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் படிக்கின்றனர், அவர்கள் எந்தெந்தப் பிரிவினர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்கள் பணிக்கப்பட்டனர். சேலத்தின் கணக்கை 1823-இல் அனுப்பியவர் காக்பர்ன். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாவட்டத்தில், கல்வி பெற்றுக்கொண்டிருந்தோர் ஐயாயிரம் பேர்கூட இல்லை என்பது அவர் கண்ட உண்மை. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-இல் மன்றோ தொகுத்துரைத்தார். தரம்பால் என்ற ஆய்வாளர் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்டபோதுதான் அவை பரவலாக அறியப்பட்டன.

அந்தக் கணக்கெடுப்பின் படிவம் கருதத்தக்கது. பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முகம்மதியர் என்ற வகையில் அதன் பத்திகள் பிரிக்கப்பட்டிருந்தன. மலைவாழ் மக்களுக்கென ஒரு பத்தி அதில் இல்லை. மாவட்டத்தின் பள்ளிப் பிள்ளைகளை எண்ணிய அதே நிர்வாகம், மலைமேல் எந்தச் செடி செழிக்கும் என்பதை அக்கறையோடு ஆராய்ந்தது. மலைப்பிள்ளை எங்கே படிக்கும் என்று ஆராயவில்லை. காக்பர்ன் என்ற தனிமனிதரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அக்கால அரசின் கண்ணுக்கு எது புலப்பட்டது, எது புலப்படவில்லை என்பதற்கு இது சான்று. காப்பி முந்திக்கொண்டது. பள்ளி பின்தங்கியது. இந்த இடைவெளியை நிரப்பவே அடுத்து வந்த தலைமுறைகள் பாடுபட வேண்டியிருந்தது.

ஏறிவந்த பிள்ளைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையில் ஐரோப்பியரின் காப்பித் தோட்டங்கள் பெருகின. கோடையின் கொடுமைக்குத் தப்பி வந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் ஏற்காட்டில் தங்கின. குளிர்ந்த காற்று பிள்ளைகளின் உடல்நலத்துக்கு ஏற்றது என்ற எண்ணம் ஐரோப்பியரிடையே வேரூன்றியிருந்த காலம் அது. உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய மலைகளில் தோன்றியது போலவே ஏற்காட்டிலும் விடுதியுடன் கூடிய பள்ளிகள் எழுந்தன. குளூனி புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகளின் திரு இருதயப் பள்ளி அந்நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பெற்றது. புனித கபிரியேல் மொன்போர்ட் சகோதரர்களின் மொன்போர்ட் பள்ளி 1917-இல் தொடங்கப்பெற்றது. சேலம் மறைமாவட்டம் நிறுவப்பெற்ற 1930-ஆம் ஆண்டுக்கு முன்னரே இம்மலையின் பெயர் இப்பள்ளிகளால் நாடெங்கும் அறியப்பட்டிருந்தது.

இவ்விரு சபைகளின் தோற்றத்தை நினைவுகூர்வது இங்கே பொருந்தும். குளூனி சபையை 1807-இல் நிறுவிய அன்னை ஆன் மரி ஜவுகே, தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் மானா என்னும் இடத்தில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க மக்களின் வாழ்வுக்காகவும் கல்விக்காகவும் உழைத்தவர். மொன்போர்ட் நகரப் புனித லூயி மரி, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லா ரொஷேல் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் திறந்தவர். ஏழையைத் தேடிச் சென்றதே இருவருடைய மரபும்.

எனினும், ஏற்காட்டில் பெரிய விடுதிப் பள்ளிகள் தோன்றிய சூழல் வேறு. அங்கே மாணவர்கள் தொலைவிலிருந்து மலையேறி வந்தனர். முதலில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், விடுதலைக்குப் பின் வசதி படைத்த இந்தியக் குடும்பத்தாரும் தம் பிள்ளைகளை அனுப்பினர். அப்பள்ளிகள் நாட்டுக்குத் தந்த மனிதர் பலர். அந்தப் பெருமை மறுக்கத் தக்கதன்று. தமிழ்வழியில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பள்ளிகளையும் துறவியர் இம்மலையில் நடத்தியுள்ளனர். ஆயினும் 'ஏற்காட்டில் படித்தவர்' என்று நம்மிடையே ஒருவரைச் சிறப்பித்துக் கூறும்போது, அவர் ஏற்காட்டில் பிறந்தவராக இருப்பது அரிது. மலைக்கு ஏறிவந்த பிள்ளைக்கும் மலையிலேயே பிறந்த பிள்ளைக்கும் இடையே இருந்த தொலைவு, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

சட்டம் வகுத்த வயது

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளை 'லைன் வீடு' என்று வழங்குவர். அங்கே வாழ்ந்த குடும்பங்களில் கத்தோலிக்கரும் இருந்தனர். தகப்பனும் தாயும் தோட்டத்துக்குச் சென்றபின் பிள்ளைகள் என்ன செய்வர்? மூத்தது இளையதைப் பார்த்துக்கொள்ளும். சற்று வளர்ந்ததும் தானும் தோட்டத்துக்குப் போகும். இதுவே நடைமுறையாக இருந்தது.

விடுதலை பெற்ற இந்தியா இரண்டு வாக்குறுதிகள் தந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலவேண்டும் என்றது. அடுத்த ஆண்டே, 1951-இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு தோட்டத்தில் தொழிலாளரின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்று அச்சட்டம் கூறியது. தோட்டத்துப் பள்ளிகளுக்கு இது வழிகோலியது. அந்த அளவில் வரவேற்கத்தக்கதே.

ஆனால் அதே சட்டத்தின் மற்றொரு பிரிவையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பன்னிரண்டு வயது நிறைவடையாத பிள்ளையைத் தோட்டத்தில் வேலைக்கு வைக்கலாகாது என்றது அது. அப்படியானால் பன்னிரண்டு நிறைந்த பிள்ளை? கல்வி வசதிக்கான வயது எங்கே முடிந்ததோ, அங்கேயே வேலைக்கான வயது தொடங்கியது. அரசியலமைப்பு பதினான்கு என்றது. தோட்டச் சட்டம் பன்னிரண்டில் வாயிலைத் திறந்துவைத்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியை விட்டு நீங்கிய பிள்ளைகளைப் பற்றி நாம் வருந்துகிறோம். சட்டமே வெகுகாலம் அவ்விடத்தில் கோடு கிழித்திருந்ததை நாம் நினைப்பதில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுதான் தோட்டச் சட்டத்தின் அப்பிரிவு நீக்கப்பட்டது.

இதற்கிடையில் 1953-இல், முதலமைச்சர் இராஜாஜியின் அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்து இம்மாவட்டத்தை நன்கறிந்தவர் இராஜாஜி. அதே நேரத்தில் மேலும் பல பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமளிக்கலாம் என்பது அரசின் கணக்கு. குலத்தொழிலை நிலைநிறுத்தும் திட்டம் இது என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், அடுத்த மாதமே அதைக் கைவிட்டார். தோட்டக் கூலியின் மகனுக்குப் 'பெற்றோரின் தொழில்' எது என்று எண்ணிப் பார்த்தால், அந்த எதிர்ப்பின் நியாயம் விளங்கும். பழத்தின் எடைக்கேற்பக் கூலி தரும் இடத்தில் பிள்ளையின் விரல்களும் குடும்ப வருவாயின் ஒரு பகுதி. அரை நாள் பள்ளி என்பது அங்கே முழு நாள் வேலையாகவே முடிந்திருக்கும்.

காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையுடன் ஊர்தோறும் ஓராசிரியர் பள்ளிகள் எழுந்தன. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 சூலை முதல் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1987-இல் மைய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு அறைகளாவது, இரண்டு ஆசிரியர்களாவது வேண்டும் என்று வரையறுத்தது. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் மலைகளில் நிலைபெற்றன. மலைப்பிள்ளைக்கென்று ஒரு மணி இவ்வாறுதான் ஒலிக்கத் தொடங்கியது.

ஓர் ஆண்டின் மாதங்கள்

இனி, இம்மலையில் ஒரு சிறு பள்ளியின் ஆண்டைத் திருப்பிப் பார்ப்போம்.

சூனில் பள்ளி திறக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் தூறலோடு புதிய பாடநூல்களும் சீருடைகளும் வருகின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் புதிய பெயர்கள் ஏறுகின்றன. சில குடும்பங்களில் அது பள்ளிப் பதிவேட்டில் ஏறும் முதல் தலைமுறையின் பெயராக இருக்கும். சூலை 15 காமராசர் பிறந்த நாள்; 2006-ஆம் ஆண்டு முதல் சட்டப்படியே கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் மதிய உணவின் கதையைச் சொல்கின்றனர். சொல்லி முடித்ததும் அதே உணவுக்கு வரிசையில் நிற்கின்றனர். ஆகஸ்டில் கொடியேற்றம். செப்டம்பரில் ஆசிரியர் நாளும் காலாண்டுத் தேர்வும். இம்மாதங்களில் காப்பிச் செடியில் காய்கள் பச்சையாக இருக்கின்றன. பள்ளியின் நாள்காட்டிக்குப் போட்டி இல்லை. வருகை நிறைவாக இருக்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மண் சரியும், ஓடைகள் பெருகும், தொலைவிலிருந்து நடந்துவரும் பிள்ளைகள் நின்றுவிடுவர். நவம்பரில் பழங்கள் சிவக்கின்றன. அங்கிருந்து பிப்ரவரி வரை பறிப்புக் காலம். எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே செடிக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டும். ஆள் பற்றாக்குறை மிகுந்த மாதங்கள் இவையே. கூலி கிடைக்கும் மாதங்களும் இவையே. வருகைப் பதிவேட்டில் வராதோர் குறிகள் பெருகுவது தோட்டப்பகுதி ஆசிரியர் எவரும் நெடுங்காலமாக அறிந்த செய்தி. பழம் பறிக்கச் சென்ற பிள்ளைகள் சிலர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவர் பலர். இந்த இரண்டாம் வகையினரில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். பதிவேடு இருவரையும் ஒரே குறியால் குறிக்கிறது; காரணத்தை எழுத அதில் இடமில்லை.

திசம்பரில் அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்து பிறப்பு விழாவும் வருகின்றன. குடிலுக்குப் பாசியும் புல்லும் மலையில் பஞ்சமில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்வராயனைத் தொழும் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்தே குடில் கட்டுவது சிறு பள்ளிகளின் இயல்பு. நூறு வீடுகள்கூட இல்லாத ஊரில் விழாவைத் தனித்தனியே கொண்டாட முடியுமா? சனவரியில் பொங்கல். மார்ச், ஏப்ரலில் கோடையின் முதல் மழை விழுந்தவுடன் மலை முழுவதும் காப்பி வெண்மையாகப் பூக்கிறது. பள்ளியில் ஆண்டுத் தேர்வு நடக்கிறது. பறிப்பு மாதங்களில் தவறவிட்ட பாடம் இந்தத் தேர்வில்தான் வெளிப்படும். பிள்ளைக்கு அறிவு போதாது என்று விடைத்தாள் சொல்லும். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே உண்மை விளங்கும். மேயில் பள்ளி விடுமுறை, சேர்வராயன் கோயில் விழா, சுற்றுலாக் கூட்டம். பிறகு மறுபடியும் சூன்.

2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் மீண்டும் திறக்கப்பட்ட நாள் 2021 நவம்பர் 1. சமவெளிக்கு அது வெறும் தேதி. மலைக்கோ அது பறிப்புக் காலத்தின் வாயில். இருபது மாதங்கள் எழுத்தை மறந்திருந்த பிள்ளை, தோட்டம் அழைக்கும் அதே மாதத்தில் பள்ளிக்கும் அழைக்கப்பட்டது. அந்த நவம்பரில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்துவந்த ஆசிரியர்களின் உழைப்பை எந்த மலரும் பதிவு செய்யப்போவதில்லை.

இத்தாலியின் ஒரு மலைப்பள்ளி

நாள்காட்டியின் இந்த வலிமையைத் தொலைநாட்டுக் குரு ஒருவர் நன்கு உணர்ந்திருந்தார். 1954-ஆம் ஆண்டின் இறுதியில் அருள்தந்தை லொரென்சோ மிலானி, இத்தாலியில் தஸ்கனியின் மலைப்பகுதியிலுள்ள பார்பியானா என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். வீடுகள் சிதறிக் கிடந்த அந்தப் பங்கில், அரசுப் பள்ளிகள் தோல்வியடையச் செய்து வெளியேற்றிய உழவர் வீட்டுப் பிள்ளைகளைத் திரட்டித் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். அப்பள்ளிக்கு விடுமுறை கிடையாது. ஞாயிறும் கோடையும் அதற்கு ஒன்றே. செல்வர் வீட்டுப் பிள்ளை விடுமுறையிலும் நூல்களுக்கும் உரையாடலுக்கும் நடுவே வளர்கிறது. ஏழைப் பிள்ளை விடுமுறையில் மாட்டுத் தொழுவத்துக்குத் திரும்புகிறது. ஆகவே விடுமுறை இருவருக்கும் சமமன்று என்பது அவர் கண்ட உண்மை.

அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் 1967-இல் வெளியாயிற்று. எந்தத் தொழில் செய்வோரின் பிள்ளைகள் தோல்வியுற்று நீங்குகின்றனர் என்பதை அப்பிள்ளைகள் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டினர். பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொண்ட மாணவர்கள் அவர்கள். அவ்வாண்டு சூனில் மிலானி மறைந்தார். வாழ்நாளில் திருச்சபையிலேயே பலரால் ஐயுறப்பட்ட அவருடைய கல்லறையில், ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 சூன் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் செபித்தார்.

பார்பியானாவும் சேர்வராயன் மலையும் ஒன்றல்ல. ஆனால் மிலானி எழுப்பிய வினா நமக்கும் உரியது. பள்ளியின் நாள்காட்டி யாருடைய வாழ்வை எண்ணி வகுக்கப்படுகிறது?

இன்றைய கணக்கு

2002-ஆம் ஆண்டின் 86-ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டில் நிறைவேற வேண்டிய வாக்குறுதி அறுபது ஆண்டுகள் காத்திருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.1, பழங்குடியினரிடையே அது 54.3 மட்டுமே. காத்திருந்தவரின் இழப்பு இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

நற்செய்திகளும் உண்டு. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024 சூலை 15-ஆம் நாள், ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பள்ளியில் அத்தொடக்க விழா நடந்தது. விடியுமுன் தோட்டத்துக்குப் புறப்படும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பறிப்பு மாதங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கும் வலிமை அந்தக் கிண்ணத்து உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் உண்டு.

ஆயினும் சிறு பள்ளியைச் சூழ்ந்து வேறொரு கவலை எழுந்துள்ளது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. சிலர் நகரின் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் போகின்றனர். குடும்பங்களில் குழந்தைகளும் குறைந்துள்ளனர். அறுபது மாணவர் வரை இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் எதற்கு என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கின்றனர். அரசுப் பள்ளியானாலும் நம் துறவியர் நடத்தும் உதவிபெறும் பள்ளியானாலும் இக்கேள்விக்குத் தப்பவில்லை. சமவெளியில் ஒரு பள்ளியை அடுத்த பள்ளியோடு இணைத்தால் பிள்ளை இன்னும் ஒரு தெரு நடக்கும். மலையிலோ ஓர் ஓடையைக் கடக்கவேண்டும், காட்டெருமை மேயும் பாதையில் நடக்கவேண்டும். பத்து வயதுப் பெண்பிள்ளையைப் பெற்றோர் அவ்வழியே அனுப்பமாட்டார்கள். அவள் பெயர் புதிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். அவளோ வீட்டில் இருப்பாள்.

1823-இல் எடுத்த கணக்கில் மலைப்பிள்ளைக்கு ஒரு பத்தி இல்லாமற் போயிற்று. இன்று எல்லாருக்கும் பத்தி உண்டு. ஆனால் எண்ணிக்கை சிறிதென்றால் அந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்ற எண்ணம் தலைதூக்குகிறது. காணாமல் போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுச் சென்ற ஆயனின் உவமையை ஆண்டுதோறும் கேட்கும் நாம், சிறு எண்ணிக்கைக்கு அஞ்சலாமா?

பொதுநிலையினர் செய்யக்கூடியவை பெரிய செயல்கள் அல்ல. தோட்டம் வைத்திருப்போர் நம்மில் உண்டு. பறிப்பு மாதங்களில் தொழிலாளரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் ஏற்படுத்தினால், அக்காமார் பள்ளிக்குப் போவர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பங்குகளில் பலர். பிப்ரவரி முடிந்ததும் தவறிய பாடங்களைச் சொல்லித்தர மாலை வகுப்பு ஒன்று நடத்தலாம். மலையில் உள்ள பெரிய பள்ளிகளின் நூலகமும் ஆய்வகமும் விளையாட்டுத் திடலும் மாதம் ஒருநாள் அண்டைக் கிராமப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தால், நிறுவியோரின் மரபு அங்கே மீண்டும் தளிர்க்கும். சிறு பள்ளிகளின் பழைய பதிவேடுகள் கரையானுக்கு இரையாகுமுன் படியெடுத்துக் காப்பதும் ஒரு வரலாற்றுப் பணியே.

அத்தகைய பதிவேடு ஒன்றைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், 'பெற்றோர் தொழில்' என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். தோட்டக் கூலி, தோட்டக் கூலி என்று பக்கம் பக்கமாக அது நீளும். எங்கோ ஓரிடத்தில், அதே பள்ளியில் முன்பு படித்த ஒருவர் தம் மகளைச் சேர்க்கும்போது, அச்சொல் மாறியிருக்கும். செவிலியர் என்றோ, ஓட்டுநர் என்றோ, ஆசிரியர் என்றோ எழுதியிருக்கும். ஒரு சிறு பள்ளி வெளியிடத்தக்க நூற்றாண்டு மலர் அந்த ஒரு வரிதான். அந்த வரி எழுதப்படும் வரையிலாவது பள்ளியின் கதவு திறந்திருக்கவேண்டும்.